நாலில் மூன்று நீ தின்றது

கோலா உருண்டை எண்ணெயில் விழுந்த முதல் நொடியில் ஒரு வாசம் வரும் பார், அதற்கு இந்த உலகத்தில் ஈடே கிடையாது. சோம்பும் சின்ன வெங்காயமும் முதலில் கிளம்பும். அப்புறம் தேங்காய். கறி வாசம் கடைசியாகத்தான் வரும், வந்ததும் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் நிற்கும். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டிக்கு முன்னால் நான் அந்த வாசத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் இலைத் துண்டு. என் சேனலுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். "பாருங்க மக்களே, இந்த நிறத்தைப் பாருங்க, அய்யோ பாருங்க!" என்று நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. வீடியோ நின்றுபோனது.

உன் மகள்.

நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் சுவரில் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அப்படியே நடந்து போய்ப் பருத்திப்பால் குடித்தேன். உன் வீட்டுக்கு நான் வரவில்லை.

"பெரியம்மா, முப்பதாம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடுறோம். அம்மாவோட டைப்ரைட்டிங் படிச்சவுகள்ல இப்ப நீங்க ஒருத்தவுகதேன் இருக்கீக. நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுக்கணும்."

"நாலுதானா?"

"எம்புட்டு வேணாலும் எழுதுங்க. ஒண்ணு மட்டும் கண்டிப்பா வரணும் பெரியம்மா. அம்மா ரோட்டுக் கடையில ஒருநாளும் கை நனைச்சதில்லை. எங்களையும் விட்டதில்லை. அந்தக் காலத்துலயே அம்புட்டுக் கட்டுப்பாடு. கூடவே இருந்தவுக, நீங்க எழுதினா நல்லாருக்கும்."

என் கையிலிருந்த உருண்டை ரோட்டில் விழுந்து உருண்டது. எழுபத்து நாலு வயதில் நான் ஓர் உருண்டையைக் கீழே விட்டது அதுதான் முதல் தடவை. வண்டிக்காரத் தம்பி, "என்னம்மா, கெட்ட சேதியா?" என்று கேட்டான். "சேதி இல்லப்பா, பொய்யி" என்றேன்.

அதனால் எழுதுகிறேன். அன்பையும் ஆசியையும் மேலே போட்டு ஆரம்பிக்கிற வழக்கமெல்லாம் உனக்குக் கிடையாது. ஐம்பத்தைந்து வருஷமாக உன்னிடம் நேரில் கேட்க வைத்திருந்ததை நீ செத்த பிறகு கேட்கிறேன். பதில் சொல்ல முடியாத இடத்தில் நீ இருக்கிறாய். உயிரோடு இருந்தபோது மட்டும் சொன்னாயா என்ன?

அறுபதுகள் முடியப்போகிற நேரம். உனக்கும் எனக்கும் பதினெட்டு. நீ நேமத்தான்பட்டி பஸ்ஸில் வந்து இறங்குவாய், நான் செக்காலையிலிருந்து நடந்து வருவேன். மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு. பன்னிரண்டு மெஷின், அதில் மூன்றுக்கு எப்போதும் ஏதாவது ஓர் எழுத்து விழாது. நமக்கு மூன்று மணி வகுப்பு. லோயர் இரண்டு பேரும் பாஸ். அடுத்து ஹையர். வேகத்தில் நான்தான் முதல், நீ எனக்குப் பின்னால். அதை நீயே ஒத்துக்கொண்டிருக்கிறாய். "உனக்கு விரல்ல என்னடி எண்ணெயா தடவியிருக்கு?" என்று கேட்டவள் நீ.

எனக்கு அந்த ஹையர் வெறும் பரீட்சை இல்லை என்பது உனக்குத் தெரியும். என் அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அப்பா போன பிறகு வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். தேவகோட்டைப் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வாய்ப்பு மட்டும் கொடுத்திருந்தார். "ஹையர் பாஸ் பண்ணு, வேலைக்குப் போ. இல்லாட்டி வாயை மூடிக்கிட்டுத் தாலிக்குக் கழுத்தை நீட்டு." இதை உன்னிடம் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? படியேறும்போது சொன்னேன், இறங்கும்போது சொன்னேன், அந்தச் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னேன்.

சாக்குப் படுதா. அங்கேதான் வர வேண்டும்.

முதலில் உன்னை அங்கே இழுத்துப்போனது நான்தான், மறைக்கவில்லை. எனக்கு ரோட்டுக் கடை என்றால் பைத்தியம். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. தெருவில் நடக்கும்போது மூக்கு தானாகத் திரும்பும். எந்தக் கடையில் எந்தக் கிழமை எது நன்றாக இருக்கும், எவர் எண்ணெயை மாற்றுகிறார், எவர் நேற்றைய சட்னியில் தண்ணீர் ஊற்றுகிறார் என்று டைப்ரைட்டிங் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருந்தேன். அத்தனையும் முகர்ந்து பார்த்து எழுதியது. தின்று பார்த்து எழுத முடியாது. பெண்பிள்ளை ரோட்டில் நின்று தின்னக் கூடாது.

வாங்கலாம், தப்பில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி, மூடி போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, எல்லாருக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் தின்னலாம். அதற்குள் ஆவியில் வேர்த்து, மொறுமொறுப்பு செத்து, உருண்டை ஈரத் துணி மாதிரி ஆகியிருக்கும். சூடானது ஆம்பிளைக்கு, ஆறிப்போனது பொம்பிளைக்கு. கோலா உருண்டையை எண்ணெயிலிருந்து எடுத்த இரண்டு நிமிஷத்துக்குள் தின்ன வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். ஒரு தடவைகூட அப்படித் தின்னாமலே தெரியும்.

அதனால்தான் கொத்தமங்கலத்து அக்கா கடையைக் கண்டுபிடித்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆனது. வகுப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி, குடும்பமெல்லாம் மலாயாவில் இருக்கப் பூட்டிக் கிடந்த பெரிய வீடு. அதன் பக்கச் சுவரை ஒட்டி ஒரு ஓலைச் சாய்ப்பு. முன்னால் அடுப்பு, அடுப்புக்கு முன்னால் ரோட்டைப் பார்த்த பெஞ்சு, பெஞ்சில் ஜவுளிக்கடைச் சிப்பந்திகளும் வண்டிக்காரர்களும். கால் ரூபாய்க்கு நாலு உருண்டை, தையல் இலையில். அடுப்புக்குப் பின்னால் நாலு அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்த ஒரு படுதா. அதற்குப் பின்னால் விறகு, தண்ணீர்ப் பானை, கவிழ்த்துப் போட்ட ஒரு உடைந்த உரல்.

முதல் நாள் நான் தூக்குச்சட்டியோடு நின்று எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், மூக்குத்தி இருந்த இடத்தில் விளக்குமாற்றுக் குச்சி.

"என்ன தாயி, சட்டிக்குள்ள விழுந்துருவ போல இருக்கு?"

"அக்கா, சுடச்சுட ஒண்ணு இங்கேயே திங்கலாமா?"

பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்தார். "பொட்டப்புள்ளைக்கும் பெஞ்சு போடு ஆத்தா, காலம் அப்பிடி!" அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படுதாவை ஒரு கையால் விலக்கினார். "இங்குட்டு வா. அங்குட்டு நின்னா இவனுக திங்கிறதை விட்டுட்டு உன்னையப் பாப்பானுக. எனக்கு யாவாரம் கெடும்."

மறுநாள் உன்னைக் கூட்டிப்போனேன். நீ படுதாவைப் பார்த்ததும், "சீ, சாக்கு நாத்தம்" என்றாய். ஓர் உருண்டை வாயில் போனதும் பேச்சு நின்றது. கண்ணை மூடிக்கொண்டாய். அந்த உரல் ஒருத்திக்குத்தான் இடம் தரும்; அன்றிலிருந்து அதில் நீதான் உட்கார்ந்தாய், நான் விறகுக் கட்டின் மேல். வாரத்துக்கு இரண்டு தடவை. ஒரு வருஷம். கால் ரூபாய் ஒரு நாள் உன்னது, ஒரு நாள் என்னது, ஆனால் உருண்டையில் மட்டும் சரிபாதி கிடையாது. "நீ எளைச்ச உடம்பு, உனக்கு ஜீரணிக்காது" என்று சொல்லி என் பங்கிலும் ஒன்று எடுப்பாய். நான் சிரித்துக்கொண்டு கொடுப்பேன். எனக்கு என்ன தெரியும்!

நீ சொல்வாயே ஒன்று. ஒவ்வொரு தடவையும் படுதாவைத் தூக்கும் முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொல்வாய்: "யாராச்சும் பாத்தா நான் திங்கவே இல்லைன்னு சொல்லிருவேன், ஆமா." நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். நீ முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருக்கிறாய். அந்த ஒரு விஷயத்தில் நீ நேர்மையானவள்தான்.

அந்தப் பங்குனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஹையர் பரீட்சைக்கு எட்டு நாள் இருந்தது.

எங்கள் வேதக்கார வீட்டில் தபசு காலம், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு. வெள்ளிக்கிழமை என்றால் சுத்தபோசனம், கறி மீன் கிட்டவே வரக்கூடாது, சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை. உங்கள் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. காப்புக் கட்டினால் கவிச்சி மட்டுமில்லை, உங்கள் வீட்டில் தாளிப்பதுகூட இல்லை. எட்டு நாளாகக் கடுகு வெடிக்கிற சத்தமே கேட்கவில்லை என்று நீ அழாத குறையாகச் சொன்னாய். இரண்டு பேருக்கும் தடை, ஒரே நேரத்தில்.

நான் அன்றைக்கு வேண்டாம் என்றேன். நன்றாக ஞாபகப்படுத்திக்கொள். வேண்டாம் என்றது நான்.

"இன்னைக்கு ஒரு நாள்தேன்டி," என்றாய். "எனக்குக் கை நடுங்குது, டைப்பே அடிக்க முடியலை."

"வெள்ளிக்கிழமைடி. அண்ணனுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுருவாரு."

"அந்த அக்கா உருண்டையில கறி எங்கடி இருக்கு? முக்காவாசி பொட்டுக்கடலை. உங்க சாமி கடலைக்குமா கோவிச்சுக்கும்?"

இதை நீ படுதாவுக்குள் வந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாய். அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "யாருடி அது கடலைங்கிறவ? நாலு உருண்டைக்கு ரெண்டு ஆள் கறி போட்டு இடிக்கிறேன். கடலைன்னா எந்திரிச்சுப் போ." நீ உடனே, "இல்லக்கா, சும்மா சொன்னேன், நாலு குடுங்க" என்றாய். நாலு வந்தது. நான் ஒன்றைத் தின்றேன், அதுவும் பாதி பயத்தோடு. நீ மூன்று. மூன்றாவதைத் தின்றுவிட்டு இலையில் கிடந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்தாய்.

அன்றைக்கு நான் சிலுவைப்பாதையில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். வாசம் வெளியே வந்துவிடும் என்று. அம்மா, "பிள்ளைக்கு இம்புட்டுப் பக்தியா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

என் வாயை யாரும் முகரவில்லை. உன்னைத்தான் முகர்ந்தார்கள். எட்டு நாளாக எண்ணெய் காயாத வீட்டுக்குள் நீ தலை முதல் கால் வரை பொரித்த எண்ணெய் வாசத்தோடு போய் நின்றாய். இந்தத் தப்பை உன்னையும் என்னையும் தவிர வேறு யார் செய்வார்கள்? வாயைக் கொப்புளித்தோம், பாக்குப் போட்டோம், கையைச் சாம்பல் போட்டுக் கழுவினோம். தாவணியை மறந்துவிட்டோம். ஒரு மணி நேரம் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்த தாவணி.

உன் அம்மா வாசலிலேயே நிறுத்தினாராம். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் திங்கலை. அவதேன் தின்னா. துணைக்கு நிக்கச் சொல்லிக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தேன் நின்னேன்."

மறுநாள் காலையில் உன் அப்பா சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டே வாசலில் நின்று தெரு கேட்கப் பேசினார். "வாத்தியாரே, உங்க வீட்டுப் பிள்ளை ரோட்டுல ஆம்பிளைகளோட உக்காந்து கறி திங்கிது. எங்க வீட்டுப் பிள்ளையையும் சேத்துக் கெடுக்குது. காப்புக் கட்டின வீடு எங்க வீடு. சொல்லி வையிங்க."

அண்ணன் உள்ளே வந்து என் முன்னால் நின்றார். ஒரே கேள்வி.

"தின்னியா?"

"ஆமா."

அவ்வளவுதான் பேச்சு. நீயும் தின்றாய் என்று நான் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? உன்மேல் பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. நீயே வந்து சொல்வாய் என்று நம்பினேன். பயத்தில் வீட்டில் உளறிவிட்டாள், பஸ் ஏறி வந்துவிடுவாள், படியில் நின்று 'நானும் தின்னேன்' என்பாள் என்று நம்பினேன். அன்றைக்கு மூன்று மணி வகுப்புக்கு முன்னால் நேமத்தான்பட்டி பஸ் வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றேன். நீ அந்த பஸ்ஸில்தான் வந்தாய். வகுப்புக்குப் போனாய்.

பரீட்சை ஹால் டிக்கெட்டை அண்ணன் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

வந்தது யார் தெரியுமா? இது உனக்குத் தெரியாது. உன் மகளுக்கும் தெரியாது. கொத்தமங்கலத்து அக்கா வந்தார். திங்கட்கிழமை மத்தியானம், கடை போடுவதற்கு முன்னால், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். தெருவில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறார்.

"வாத்தியாரய்யா, நான்தேன் குடுத்தேன். நாலு உருண்டை. இந்தப் பிள்ளை தின்னது ஒண்ணு. அந்தப் பிள்ளை மூணு. என் கையால வச்சவ நான், எனக்குத் தெரியும்."

அண்ணன் சொன்னார்: "ஒண்ணா இருந்தா என்ன, மூணா இருந்தா என்ன? வெள்ளி வெள்ளிதான்."

"சரிங்கய்யா. வெள்ளிக்கிழமை தின்னுச்சுன்னு அடிக்கிறதுன்னா அடிங்க, அது உங்களுக்கும் உங்க சாமிக்கும். ரோட்டுல தின்னுச்சுன்னு அடிக்காதீக. ஆம்பிளையோட உக்காந்துச்சுன்னு சொல்லாதீக. என் படுதாவுக்குள்ள ஒருத்தன் கால் வச்சதில்லை. நான் ரோட்டுலதேன் இருக்கேன். பதினஞ்சு வருசமா மனுசருக்குத்தேன் போடுறேன், நாய்க்குப் போடலை."

அண்ணன் கதவைச் சாத்தினார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். உப்பு விற்கிற மாதிரி சத்தமாக, வெட்கமே இல்லாமல், எனக்காக ஒரு மனுஷி வந்து பேசிவிட்டுப் போனார். அவருக்கு என்னோடு என்ன உறவு? கால் ரூபாய்க்கு நாலு உருண்டை உறவு. நீ என்னோடு ஒரே மெஷினில் மாறி மாறி அடித்தவள்.

நீ பரீட்சை எழுதினாய். பாஸ். வேலை. குடையும் தோல்பையுமாக முப்பது வருஷத்துக்கு மேல் ஆபீஸ் போனாய், சூப்பிரண்டெண்டாக ரிட்டயர் ஆனாய். போஸ்டரில் பெயருக்குக் கீழே அதைத்தான் போட்டிருந்தார்கள். அந்த எழுத்தை நான் நின்று படித்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை, அதையும் கேட்டுக்கொள். ஓர் அட்டையில் நாலு வரிசையாக வட்டம் போட்டு எழுத்துகளை எழுதி, அந்த அட்டையில் அடித்துப் பழகினேன். சத்தமில்லாத மெஷின். எந்த எழுத்து தப்பு என்று சொல்ல ஆளில்லை, நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷமாவது எழுதலாம் என்று. அடுத்த வருஷம் தேவகோட்டை மாப்பிள்ளை வந்தார். அவர் நல்ல மனிதர், அது என் அதிர்ஷ்டம், உன் புண்ணியமில்லை. காரைக்குடியிலேயே சைக்கிள் கடை வைத்தார். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவரிடம் இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். சிரித்தார். "கடை இருக்கா இன்னும்?" என்றார். அன்றைக்கே கூட்டிப்போனார்.

எழுபதுகளின் தொடக்கம். அக்கா அதே இடத்தில். என்னைப் பார்த்ததும் படுதாவை விலக்கப் போனார். "வேணாங்க்கா," என்றேன். "பெஞ்சுல உக்காரப்போறேன்."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்துபோனார்கள். அக்கா என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய் அந்தச் சாக்குப் படுதாவைக் கொடியிலிருந்து உருவினார், நாலாக மடித்தார், பெஞ்சில் போட்டார். "பலகை சுடும் தாயி. இது மேல உக்காரு."

ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு, வாயில் ஊதி ஊதி, கண்ணில் தண்ணீர் வர நான் தின்றேன். அய்யோ, அந்த மொறுமொறுப்பு! இன்றைக்கு வரை ஆயிரம் கடையில் தின்றிருக்கிறேன். அதுதான்.

அப்போதுதான் நீ வந்தாய். ஆபீஸ் விட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சாரியில். என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று சொல்லாதே, உன் கால் ஒரு நொடி நின்றது. அப்புறம் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாய். நான் கூப்பிடவில்லை. அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"ஏ தாயி! மூணு எடுத்து வைக்கவா? சூடா இருக்கு!"

குடை வேகமாக நகர்ந்து போனது. பெஞ்சே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நீ திரும்பி வந்திருந்தால் நகர்ந்து இடம் விட்டிருப்பேன். அந்தச் சாக்கில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. உன்னை எனக்கு எதற்காகப் பிடிக்காது என்று கேட்டால், வீட்டில் சொன்ன பொய்யைவிட அந்தக் குடையைத்தான் முதலில் சொல்வேன். பதினெட்டு வயதில் அம்மாவுக்குப் பயந்தாய், சரி. சொந்தச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு யாரிடம் பயம்?

அதற்கப்புறம் ஒரே தடவை பேசினோம். யாரோ வீட்டுக் கல்யாணம், பந்தியில் எதிரெதிர் வரிசை. நான் இரண்டாம் தடவை பணியாரம் கேட்டேன். நீ பக்கத்தில் இருந்தவர் காதில் விழும்படி, "உனக்கு இன்னும் வாய் அடங்கலையா?" என்றாய். அடங்கவில்லை. அடங்காது. பேத்தியிடம் கேட்காமல், நானாகவே தடவித் தடவிக் கற்றுக்கொண்டு, எழுபது வயதில் சேனல் ஆரம்பித்தேன். காரைக்குடி, பிள்ளையார்பட்டி, திருக்கோஷ்டியூர், எங்கே எண்ணெய் காய்ந்தாலும் போய் நிற்பேன். போனில் இதையெல்லாம் நான் அடிக்கிற வேகத்தைப் பார்த்து வண்டிக்காரத் தம்பி வாயைப் பிளக்கிறான். அட்டையில் பழகிய விரல்.

இத்தனையும் எழுதி முடித்து, உன் மகளுக்கு அனுப்பலாமா கிழிக்கலாமா என்று இருந்தேன். போனில் எழுதியதைக் கிழிக்க முடியாது என்பது வேறு. நேற்று அவளே மறுபடி கூப்பிட்டாள்.

"பெரியம்மா, எழுதிட்டீகளா?"

"எழுதிக்கிட்டே இருக்கேன். என் நம்பர் உனக்கு யாரு குடுத்தா?"

"உங்க சேனல்ல போட்டிருக்கீகளே. அம்மா போன்லதேன் பாத்தேன். அம்மா தினம் உங்க வீடியோவைத்தேன் பாப்பாக. கடைசி ரெண்டு மாசம் ஒரு வாய் கஞ்சிகூட இறங்கலை. அப்பவும் அதைப் பாத்துக்கிட்டே கிடப்பாக. ஒண்ணை மட்டும் திருப்பித் திருப்பிப் போடுவாக. போன வருசம் போட்டீகளே, அந்தக் கோலா உருண்டை வீடியோ."

அவள் தொடர்ந்தாள்.

"முப்பதாம் நாள் கறி சமைச்சு, அம்மாவுக்குப் பிடிச்சதைப் படைக்கணும். என்ன வைக்கிறதுன்னே தெரியலை பெரியம்மா. எங்களுக்கு எது பிடிக்கும்னு அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு எது பிடிக்கும்னு எங்களுக்குத் தெரியலை. வாய் விட்டு ஒண்ணும் கேட்டதில்லையே."

பார்த்தாயாம். தினமும். ஒரு லைக் போட்டாயா? ஒரு வரி எழுதினாயா? இந்தப் போன் படுதாவுக்குப் பின்னாலிருந்தும் எட்டித்தான் பார்த்திருக்கிறாய். சாகப்போகிற நேரத்தில்கூட, 'ஒரு உருண்டை வாங்கிட்டு வா' என்று பெற்ற மகளிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவள், 'உங்களுக்கு அந்த ருசி எப்பிடிம்மா தெரியும்?' என்று கேட்பாள். அதற்குப் பயந்து பட்டினி கிடந்திருக்கிறாய். நான் உனக்குக் கொடுக்க நினைத்த எந்தத் தண்டனையும் இவ்வளவு பெரியதில்லை. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வருகிறது. முன்பு என் ஹால் டிக்கெட்டுக்காக வந்தது. நேற்றிலிருந்து அந்த உருண்டைக்காகவும் வருகிறது.

உன் மகளிடம் சொல்லிவிட்டேன். "நீ ஒண்ணும் வைக்க வேணாம். நான் கொண்டாறேன்" என்று. இந்த மடலையும் அனுப்புகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவள் பாடு.

முப்பதாம் நாள் காலையில் எங்கள் தெருமுனைத் தம்பியை வண்டி போடச் சொல்லியிருக்கிறேன். நாலு உருண்டை. அங்கேயே ரோட்டைப் பார்த்து நின்று, சூட்டோடு ஒன்றை நான் தின்பேன். அது என்னுடையது, அன்றைக்கும் இன்றைக்கும். மீதியைத் தையல் இலையில் கட்டிக்கொண்டு ஆட்டோவில் வருவேன். உன் வீட்டுக் கூடத்தில், உன் உறவு மொத்தமும் பார்க்க, உன் போட்டோவுக்கு முன்னால் வைப்பேன். எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். ரோட்டில் என்று சொல்வேன். ஏன் மூன்று என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன்.

நீ எடுத்துக்கொள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளக் குடை கிடையாது.